பிச்சுமணி மாஷ் போட்ட மார்க்

மட்டாஞ்சேரியில் செர்லாயிப் பக்கம் போய் பிச்சுமணி மாஷ் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன்னால் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். தோப்பும்படியில் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அந்த முப்பத்தொரு வருஷத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நூற்றுக்கு நூறு போட்டதில்லை. கணக்கெல்லாம் சரியாக இருந்தால் கோடு போட்ட லட்சணத்துக்கு அரை மார்க் குறைப்பார். கோடும் நேராக இருந்தால் கையெழுத்துக்கு அரை மார்க். அவரிடம் தொண்ணூற்றொன்பதரை வாங்கியவர்கள் இன்றைக்கு டாக்டராகவும் கப்பல் இன்ஜினீயராகவும் இருக்கிறார்கள். அந்த அரை மார்க்கை மட்டும் ஒருவரும் மறக்கவில்லை.

வீட்டிலும் அதே சிவப்புப் பேனாதான். அனந்தலக்ஷ்மியைக் கைப்பிடித்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. கோயில் சமாராதனைக்கு நூறு பேருக்கு இலை போட்டாலும் கலங்காத கை அவளுடையது. அந்தச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவ எழுந்திருக்கும்போது பிச்சுமணி சொல்கிற வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: பரவாயில்லை. கல்யாணமான புதிதில் அவள் எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நாலாவது வருஷத்தோடு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்காவிட்டாலும் அவர் சொல்வதை விடவில்லை. அதைப் பெரிய பாராட்டு என்றே அந்த மனுஷர் மனசார நம்பினார். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

ரிடையர் ஆன பிறகு வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கினார்கள். யோசனை அவர்கள் பெண் மதுவந்தியுடையது. கலூரில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிறவர்களிடம் திருப்திதானா, எத்தனை மார்க் போடுவீர்கள் என்று கேட்டு வாங்கித் தொகுத்துக் கொடுக்கிற கம்பெனி. மாடியில் சும்மா கிடந்த மூன்று அறைகளுக்கும் வெள்ளையடித்து, இணையத்தில் படம் போட்டு, முதல் விருந்தாளியைக் கொண்டுவந்து இறக்கியது வரை எல்லாம் அவள்தான்.

வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். காலைப் பலகாரமும் ராத்திரிச் சாப்பாடும் அனந்தலக்ஷ்மி. விருந்தாளிகளை ஊர் சுற்றிக் காட்டுவது பிச்சுமணி. அரண்மனை, யூதர்களின் ஜெப ஆலயம், மிளகுக் கிடங்குத் தெரு என்று ஆரம்பித்து போர்ட் கொச்சி மீன்வலை வரைக்கும் இரண்டு மணி நேரம். கையில் குடை, வாயில் வருஷக் கணக்கு. எந்த ராஜா எந்த வருஷம், எந்தக் கப்பல் எந்த மாசம் என்று எதையும் பார்த்துப் படிக்காமல் சொல்வார். ஜெர்மனியிலிருந்தும் பூனாவிலிருந்தும் ஜனங்கள் வருவது இதைக் கேட்கத்தான் என்பதில் அவருக்குத் துளி சந்தேகமில்லை. சாப்பாடு, திரும்பி வந்தால் பசிக்குமே, அதற்காக.

மதுவந்தி ஒரு கார்டு அச்சடித்துக் கொடுத்தாள். அதில் இரண்டே வரி. ஒன்று சமையல், இன்னொன்று ஊர் சுற்றிக் காட்டல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒன்று முதல் ஐந்து வரை எண்கள். போகிறவர்கள் பிடித்த எண்ணைச் சுழித்து, மாடிப்படி அடியில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போக வேண்டும். பிச்சுமணிக்கு ரொம்ப சந்தோஷம். மார்க் என்றால் அவருக்குப் பழைய சிநேகிதம் ஆயிற்றே.

முதல் மாசம் முடிந்தது. மத்தியானம் அனந்தலக்ஷ்மி கண்ணயர்ந்த நேரத்தில் பெட்டியைத் திறந்து, நோட்டில் கட்டம் போட்டு, கூட்டி வகுத்துப் பார்த்தார். சமையல் 4.9. ஊர் சுற்றிக் காட்டல் 4.1.

மறுபடியும் கூட்டினார். கூட்டலில் தப்பு இல்லை. வேறு யாராவது 4.1 வாங்கியிருந்தால் நூற்றுக்கு எண்பத்திரண்டு, முதல் வகுப்பு என்று முதுகில் தட்டியிருப்பார். ஆனால் அது பக்கத்தில் ஒரு 4.9-ஐ வைத்துக்கொண்டு நிற்கிறதே! வயிறு எரிந்தது. வெயிலில் தொண்டைத் தண்ணீர் வற்ற டச்சுக்காரன் வந்த கதையைச் சொன்னவருக்கு நாலு. இட்லியை ஆவியில் வைத்து எடுத்தவளுக்கு ஐந்து. மாவு தானாகப் பொங்குகிறது, இட்லி தானாக வேகிறது, இதில் இவள் செய்தது என்ன என்றுகூட நினைத்தார். நினைத்துவிட்டுச் சாயங்காலம் அந்த இட்லியில் மிச்சமிருந்த நாலை மிளகாய்ப்பொடி தொட்டுத் தின்றார் என்பது வேறு விஷயம்.

சரி, இது கார்டின் குற்றம் என்று முடிவு கட்டினார். ஐந்து எண் போதாது. ஐந்தே படி இருந்தால் எவனும் தாட்சண்யத்துக்கு மேல்படியில் ஏறி நின்றுகொள்வான். பத்துப் படி வைத்தால் யோசிப்பான், தரம் பார்ப்பான், அறிவுள்ள விஷயத்துக்கு அறிவுள்ள மார்க் விழும்.

ஞாயிற்றுக்கிழமை மதுவந்தி வந்தபோது சொன்னார். அவள் தன் தொழில் விஷயமாயிற்றே என்று உற்சாகமாக உட்கார்ந்து விளக்கினாள். மூன்று எண் வைத்தால் நல்லது எல்லாம் உச்சியில் போய்க் குவிந்துவிடும், நல்லதுக்கும் ரொம்ப நல்லதுக்கும் வித்தியாசமே தெரியாது. ஐந்து சுலபம், யாரும் குழம்ப மாட்டார்கள். பத்து நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும், ஆனால் ஒருத்தருடைய ஏழும் இன்னொருத்தருடைய ஒன்பதும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அவள் ஆபீசில் ஏழுதான் நடுவாந்தரம் என்று சொல்கிறவர்களும் உண்டு. எதை வைத்தாலும் நடுவில் மாற்றக்கூடாது. எண்ணைச் சொல்லும்போது எத்தனைக்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இதை எனக்கு ஆறாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே அப்பா என்றும் சொல்லிச் சிரித்தாள். பிச்சுமணியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே பத்து என்றார்.

பத்து வந்தது. பத்து எண் கார்டு அவருக்குக் கொடுத்தது என்ன தெரியுமா? சமையல் 9.6. ஊர் சுற்றிக் காட்டல் 7.2. ஐந்தில் முக்கால் சொச்சமாக இருந்த இடைவெளி பத்தில் கிட்டத்தட்ட இரண்டரையாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அளவுகோலை நீட்டினால் இடைவெளியும் நீளும் என்பது கணக்கு வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். பொறாமை வந்தவனுக்குத் தெரிந்தது எதுவும் ஞாபகம் வராது, அவ்வளவுதான்.

அந்த மாசம்தான் பாலக்காட்டிலிருந்து அவருடைய அத்தான் வெங்கிடேஷ் வந்து இரண்டு நாள் தங்கினார். அனந்தலக்ஷ்மி மாங்காயும் தேங்காயும் அரைத்துத் தயிரில் கலக்கிப் போட்டதைச் சாப்பிட்டுவிட்டு, இப்படி ஒரு அரச்சுக்கலக்கி கல்பாத்தித் தேருக்குக்கூடக் கிடைக்காது என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். போகும்போது கார்டில் சமையலுக்கு ஒன்று என்ற எண்ணை அழுத்திச் சுழித்துவிட்டுப் போனார். முதல் ராங்க் கொடுத்ததாக அவர் நினைப்பு. பிச்சுமணிக்கு அது தெரியாமலில்லை. தெரிந்துகொண்டே அந்த ஒன்றை ஒன்றாகவே நோட்டில் எழுதிக்கொண்டார். சமையல் 8.8-க்கு இறங்கியது. அன்றைக்கு மத்தியானம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். எவ்வளவு சின்னத்தனம் பாருங்கள்!

ஆனால் ஒரு வெங்கிடேஷ் எத்தனை நாள் தாங்குவார்? அடுத்த மாசம் மறுபடியும் 9.7. போதாக்குறைக்கு ஒரு பெல்ஜியம்காரி சமையலுக்குப் பத்தைச் சுழித்து, பக்கத்தில் ஒரு இதயத்தையும் வரைந்துவிட்டுப் போயிருந்தாள். ஊர் சுற்றிக் காட்டலுக்கு ஆறு. அந்த இதயத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்காகவே அன்று தனியாக அரண்மனைச் சித்திரம் ஒவ்வொன்றையும் நின்று விளக்கியிருந்தார். மனைவி அடுக்களையை விட்டு வெளியே வந்ததுகூட இல்லை. இங்கிலீஷில் தேங்க்யூவைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது. எப்படி, எப்படி என்று மனசுக்குள் பொருமினார். வாய்விட்டுக் கேட்க யாரிடம் போவது? சொந்தப் பெண்டாட்டி மேல் பொறாமை என்று யாரிடம் சொல்ல முடியும்?

மதுவந்தியிடம் மூன்று என்றார். வயசானவர்கள் பத்து எண்ணைப் பார்த்துத் திணறுகிறார்கள், வெங்கிடேஷ் மாமாவைப் பார் என்று காரணமும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று வைத்தால் எல்லாம் ஒரே மாதிரி வரும், ஒன்றும் தெரியாதே அப்பா என்றாள். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுவேதான். ஒன்று என்றால் சரியில்லை, இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் நன்று. ஒரு தாளில் எட்டுக் கார்டாக அச்சடித்து வந்தது. சாப்பாட்டு மேசையில் வைத்து, தையல் கத்தரியால் கோடு பிசகாமல் வெட்டி அடுக்கினது அனந்தலக்ஷ்மி.

மூன்று அவர் வயிற்றில் பாலை வார்த்தது. சமையல் 2.9. ஊர் சுற்றிக் காட்டல் 2.8. பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. மூன்று மாசம் அப்படியே நின்றது. பிச்சுமணியின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. சாயா குடிக்கப் போகிற இடத்தில் நாலு வார்த்தை கூடப் பேசினார். இந்தச் சுகம் அப்படியே நீடித்திருந்தால் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது.

நீடிக்கவில்லை. அக்டோபர் மாசம் ஹோம்ஸ்டேயின் ஈமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. ஈமெயிலைப் பார்ப்பது பிச்சுமணி. போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டல், அதில் சமையல் வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் ஷபானா என்ற பெண் எழுதியிருந்தாள். உங்கள் வீட்டில் தங்கிவிட்டு எங்களிடம் வந்த நாலைந்து பேர் அனந்தலக்ஷ்மி சேச்சியின் மொளகூட்டலைப் பற்றியே பேசுகிறார்கள்; இந்த சீசனில் புதன்கிழமைதோறும் எங்கள் விருந்தாளிகளுக்கு அவர் சமைத்துக் காட்டி, கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கூடவே ஒரு படிவம், எல்லா ஹோம்ஸ்டேக்களுக்கும் அனுப்புவது, நிரப்பி அனுப்புங்கள்.

அவர் சொல்வதற்கு முன்பே மதுவந்தி போனில் அம்மாவுக்குச் சொல்லிவிட்டாள்; அவளும் அந்த ஈமெயிலைப் பார்ப்பாள். அனந்தலக்ஷ்மி முதலில் நம்பவில்லை. அப்புறம் நம்பினாள். அந்த வாரம் அந்த வீட்டில் வேறு ஒரு பெண்பிள்ளை நடமாடினாள் என்று சொன்னால் தகும். மலையாளத்தில் அளவெல்லாம் எழுதி வைத்துக்கொண்டாள். தமிழை விட மலையாளம் எழுதத்தான் அவளுக்குக் கை வரும். முதல் புதன் காயும் பருப்பும் வேகவைத்துத் தேங்காய் அரைத்துவிடுகிற மொளகூட்டல், இரண்டாம் புதன் அரச்சுக்கலக்கி, மூன்றாம் புதன் புளியிஞ்சி. மதுவந்தி போனில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் வாக்கியங்களை ரசம் கொதிக்கும்போது முணுமுணுத்துப் பார்த்தாள். ஐம்பத்தாறு வயசில் ஒருத்தர் கூப்பிட்டு, வா, நீ செய்வதை நின்று பார்க்கிறோம் என்கிறார்கள். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான். வேறு எதையும் அவள் அவரிடம் கேட்டதில்லை.

"பாரத்தை நன்னாப் பார்த்து எழுதி அனுப்புங்கோ, கேட்டேளா" என்றாள். இதை இரண்டு தடவை சொன்னாள்.

பிச்சுமணி உட்கார்ந்தார். பெயர், வயது, எத்தனை வருஷ அனுபவம், என்னென்ன பதார்த்தம் எல்லாம் எழுதினார். கடைசியில் ஒரு கட்டம். சென்ற மூன்று மாதங்களில் உங்கள் விருந்தாளிகள் சமையலுக்குக் கொடுத்த சராசரி மதிப்பெண். அதற்குக் கீழே பொடி எழுத்தில், பத்துக்கு.

பொடி எழுத்துத்தான். ஆனால் அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று நான் சொல்லப் போவதில்லை. முப்பத்தொரு வருஷம் பொடி எழுத்தில் பிள்ளைகள் செய்த பிழையைக் கண்டுபிடித்த கண் அது. மூன்றுக்கு 2.9 என்றால் பத்துக்கு எவ்வளவு? 9.7. ஆறாம் வகுப்புக் கணக்கு, விரலை மடக்காமல் சொல்லலாம். அது அவருக்குத் தோன்றியது, தோன்றின அதே நொடியில் புதன்கிழமைகளும் தோன்றின. போர்ட் கொச்சி ஹோட்டலில் வெள்ளைக்காரர்கள் நோட்டுப் புத்தகத்தோடு நிற்க, நடுவில் அனந்தலக்ஷ்மி கரண்டியோடு நின்று சொல்லிக்கொடுக்கிறாள். கற்றுக்கொடுப்பது யாருடைய தொழில்? இவருடைய தொழில். இவர் அப்போது எங்கே இருப்பார்? ஊர் சுற்றிக் காட்டிவிட்டு வந்து, வாசலில் குடையை மடக்கி, அவளுக்காகக் காத்திருப்பார்.

கட்டத்தில் 2.9 என்று எழுதினார். நோட்டில் இருக்கிற எண்தானே, பொய் ஒன்றும் இல்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அனுப்பும் பொத்தானை அழுத்தினார். அன்று செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், இந்த சீசனுக்கு வேறு ஏற்பாடு செய்துவிட்டோம். மூன்று வரி. பிச்சுமணி அடுக்களை வாசலில் நின்று, அவா வேண்டாம்னுட்டா என்றார். அனந்தலக்ஷ்மி கடுகு தாளித்துக்கொண்டிருந்தாள். சரி என்றாள். ஏன், என்ன என்று ஒரு கேள்வி இல்லை. சாயங்காலம் பார்த்தால் அளவு எழுதி வைத்த காகிதம் அலமாரியில் இல்லை. இங்கிலீஷ் முணுமுணுப்பும் நின்றுபோயிற்று.

சாப்பாட்டில் ஒரு குறையும் வைக்கவில்லை அவள். உப்பு உப்பாக இருந்தது, புளி புளியாக இருந்தது. ஜெயித்தவருக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை. அவள் கண்ணைப் பார்த்துப் பரவாயில்லை என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. ஊர் சுற்றிக் காட்டும்போது வருஷத்தை மாற்றிச் சொன்னார். ஒரு பிரெஞ்சுத் தம்பதி அவருக்கு இரண்டைச் சுழித்துவிட்டுப் போனார்கள். சமையலுக்கு மூன்று. முன்பென்றால் அந்த மூன்றைப் பார்த்து எரிந்திருப்பார். இப்போது அதைப் பார்க்க முடியாமல் கார்டைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படி இரண்டு வாரம் போயிற்று. அப்புறம் ஒரு வியாழக்கிழமை, போர்ட் கொச்சியில் மூன்று நாள் தங்கிவிட்டு ஒரு கோயம்புத்தூர்த் தம்பதி இவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். இலையில் மொளகூட்டலைப் பார்த்ததும் அந்த அம்மாள், அட, இதை நேற்றுத்தான் அங்கே ஹோட்டலில் கமலாக்ஷி என்று ஒருத்தர் செய்து காட்டினார், ஆனால் அவர் பூண்டு போட்டார், அந்த ருசி வேறே என்றாள்.

கமலாக்ஷி இரண்டு தெரு தள்ளி இருப்பவள். வருஷத்துக்கு நாலு தடவை அனந்தலக்ஷ்மியிடம் வந்து பக்குவம் கேட்டுக்கொண்டு போகிறவள். பரிமாறிக்கொண்டிருந்த அனந்தலக்ஷ்மியின் கை நின்றது.

"பூண்டா?" என்று மட்டும் கேட்டாள். கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிச்சுமணிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மொளகூட்டலில் பூண்டைப் போட்டவள் நடுவில் நிற்க, அதை நோட்டில் எழுதிக்கொள்ள ஒரு கூட்டம்! இவள் நிற்க வேண்டிய இடத்தில் அவளா? முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மனைவிக்காகப் பொறாமைப்பட்டார். அந்த இடத்தைப் பறித்தது கமலாக்ஷி அல்ல, தானே என்று உடனே ஞாபகம் வந்தது. சோற்றைப் பாதியில் விட்டு எழுந்தார்.

மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு ஒற்றை ஆளாகப் போர்ட் கொச்சிக்கு நடந்தார். ஷபானா சின்னப் பெண், மதுவந்தி வயசு இருக்கும். வாங்க மாஷே என்று மரியாதையாக உட்கார வைத்து சாயா வரவழைத்தாள். அவர் சாயாவைத் தொடவில்லை. அந்த 2.9 மூன்றுக்கு என்றார். பத்துக்குக் கணக்குப் போட்டால் 9.7 என்றார். தவறிப் போய் எழுதிவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். அந்தப் பொய் வெளியே வரவில்லை. தெரிந்தே எழுதினேன் என்றார்.

ஷபானா அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தாள். தங்களுக்கே சந்தேகம் வந்ததென்று அப்புறம் சொன்னாள். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் ஒன்பது, ஒன்பதரை என்று எழுதியிருக்க, இவ்வளவு பேர் புகழ்ந்த சமையலுக்கு 2.9 எப்படி வரும் என்று படிவம் வந்த அந்த வாரத்து வியாழக்கிழமையே அவர் வீட்டுக்குப் போன் செய்து கேட்டாளாம். அவர் விருந்தாளிகளோடு வெளியே போயிருந்தார். எடுத்தது அனந்தலக்ஷ்மி.

"சேச்சி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க மாஷே. எங்காத்துக்காரர் கணக்கு வாத்தியார், அவர் எழுதியிருந்தா எழுதினதுதான், அதுக்கு மேல நேக்குச் சொல்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க."

இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா என்று பிச்சுமணி கெஞ்சினார். மார்ச் வரைக்கும் கமலாக்ஷியோடு பேசி முடித்தாயிற்று, வார்த்தை மாற முடியாது, அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கோபித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வாசல் வரை வந்து வழியனுப்பினாள்.

குடையை விரிக்கக்கூடத் தோன்றாமல் வெயிலில் திரும்பி நடந்தார். அனந்தலக்ஷ்மி தன் மேல் வைத்த நம்பிக்கையை நினைத்து நினைத்து மருகினார். கணக்கு வாத்தியார் தப்பு செய்ய மாட்டார் என்று நம்பித் தனக்கு வந்ததைத் தானே கைவிட்டிருக்கிறாள், பாவம், ஒன்றும் தெரியாதவள் என்று கண் கலங்கினார். அந்தக் கலக்கத்திலும் பாருங்கள், தனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்ற வாத்தியார் நினைப்புப் போகவில்லை.

வீட்டுக்கு வந்தார். அனந்தலக்ஷ்மி சாப்பாட்டு மேசையில் புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். ஐந்து, பத்து, மூன்று, வெங்கிடேஷின் ஒன்று, பெல்ஜியம்காரியின் இதயம், பொடி எழுத்தில் இருந்த பத்துக்கு, எல்லாவற்றையும். கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னார்.

"நேக்கு உம் மேலே பொறாமை, லக்ஷ்மி. அதாக்கும் காரணம். வேறே ஒண்ணும் இல்லை."

அவள் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்தக் கார்டை வெட்டினது ஆரு?" என்றாள். "நானாக்கும். எண்ணி எண்ணி வெட்டினேன். மூணு நம்பர்தான் அதிலே இருந்தது."

அவருக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அப்படியானால் ஷபானா போனில் 2.9 என்று சொன்னபோதே இவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தையில் சரிசெய்திருக்கலாம். பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"நீங்க சொல்றேளான்னு பாத்தேன்." புடலங்காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். "அன்னிக்கு சாயங்காலம் சொல்லுவேள்னு நினைச்சேன். மறுநாள் அவா வேண்டாம்னுட்டான்னு வந்து நின்னேளே, அப்போ சொல்லுவேள்னு நினைச்சேன். நீங்க எழுதி அனுப்பிப் பதினேழு நாள் ஆச்சு."

அவள் அழவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாளிக்கிற சத்தம் கேட்டது. தேங்காய் அரைக்கிற சத்தம் கேட்டது. பிச்சுமணி நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்து எங்கே போவது?

அந்தக் கோயம்புத்தூர்த் தம்பதி வெளியே போயிருந்தார்கள். மத்தியானம் அவருக்கு மட்டும் இலை போட்டாள். புடலங்காய் மொளகூட்டல், புளியிஞ்சி, சுட்ட அப்பளம். கோபத்தில் ஒரு கல் உப்புக்கூடக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அவர் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அவள் பக்கத்தில் கரண்டியோடு நின்றாள். முதல் கவளத்திலேயே அவருக்குத் தெரிந்தது, இதைச் செய்து காட்டத்தான் புதன்கிழமை அங்கே நாலு பேருக்கு நடுவில் இவள் நின்றிருக்க வேண்டும். எவ்வளவு நல்ல கை! முப்பத்திரண்டு வருஷமாக இது தெரியாமலா இருந்தது? தெரிந்ததால்தானே இத்தனை கூத்தும்.

இலையை வழித்துவிட்டு எழுந்தார். பழக்க தோஷம், வாய் தானாகவே அந்தப் பழைய வார்த்தைக்குக் குவிந்தது. பல்லைக் கடித்து அதை உள்ளேயே நிறுத்திக்கொண்டார். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்த பாஷையெல்லாம் மார்க்தான்.

"மூணு" என்றார்.

அனந்தலக்ஷ்மி இலையை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்று அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"எத்தனைக்கு?" என்று கேட்டாள்.